ஏஜென்சியின் வெப்சைட்டைப் புதுப்பிக்க நான்கு வழிகள்: எது யாருக்குப் பொருந்தும்?

பிராண்டிங், பேக்கேஜிங், விளம்பரப் படம் என்று ஓடிக்கொண்டிருக்கும் சிறு ஏஜென்சிகளில் சொந்த வெப்சைட் எப்போதும் கடைசி வரிசையில்தான் நிற்கும். கிளையன்ட் வேலைக்கு டெட்லைன் உண்டு, நம் வேலைக்குக் கிடையாது. ஒருநாள் பெரிய பிட்ச் வருகிறது, லிங்க் அனுப்பச் சொல்கிறார்கள், திறந்து பார்த்தால் முகப்பில் பல வருடத்துக்கு முந்தைய லோகோ வேலை. உடனே "மொத்தமாக மாற்றிவிடுவோம்" என்று முடிவாகிறது. மறுநாளே ஆளுக்கொரு பக்கம் இழுக்கத் தொடங்குவார்கள். டிசைனர்கள், கோட் எழுதாமலே தளம் கட்ட உதவும் ஃபிரேமர் அல்லது வெப்ஃபுளோ என்பார்கள். ஹோஸ்டிங் (தளத்தை சர்வரில் வைத்து ஓட்டுவது) பார்ப்பவர் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளைச் சொல்வார். தெரிந்த டெவலப்பர் ஒருவர் எல்லாவற்றையும் கோடாகவே எழுதித் தருகிறேன் என்பார். அந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் ஐந்து முதல் இருபது பேர் வேலை செய்யும் ஏஜென்சிதான் என் மனதில் இருக்கிறது. அவர்கள் டூல் எதையும் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு ஆள் பெயர் சொல்லிப் பதில் எழுத வேண்டும்: தளம் வெளிவந்து ஆறு மாதம் கழித்து, அப்போது முடிந்த ஒரு வேலையைத் தளத்தில் ஏற்றப்போவது யார்? "டீம் பார்த்துக்கொள்ளும்" என்று எழுதினால் யாரும் பார்க்கப்போவதில்லை என்று பொருள். பெயர் கிடைத்துவிட்டால், அந்த ஆளுக்குக் கைவந்த டூல் எது என்பதிலேயே பாதி முடிவு தெரிந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் முக்கியம், ஒரு புதிய கேஸ் ஸ்டடியை (முடித்த ஒரு வேலையின் கதையைச் சொல்லும் பக்கத்தை) ஏற்ற ஆகும் பாடு. படங்களைச் சுருக்குவது, வீடியோவை இணைப்பது, எழுத்தை வைப்பது, மொபைலில் சரிபார்ப்பது எல்லாம் ஒரு மதியத்துக்குள் முடிய வேண்டும். ஒவ்வொரு முறையும் வெளியாளுக்கு மெயில் போட்டுக் காத்திருக்க வேண்டும் என்றால் இரண்டு மூன்று வேலைகளோடு ஏற்றுவது நின்றுவிடும்.

இரண்டாவது, விட்டு விலகும் வழி. இந்தத் துறைக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. இரண்டாயிரங்களில் பெயர் வாங்கிய ஏஜென்சித் தளங்கள் பல, ஃபிளாஷ் என்ற அனிமேஷன் மென்பொருளில் கட்டப்பட்டவை. ஐபோன் அதைக் கடைசிவரை ஏற்கவில்லை, 2020 டிசம்பர் 31-உடன் அதை நடத்திவந்த அடோபியும் அதற்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. கோட் எழுதத் தெரியாத டிசைனர்களுக்கென்றே அடோபி கொண்டுவந்த மியூஸுக்கும் அதே ஆண்டு மார்ச்சில் ஆதரவு முடிந்தது. இரண்டையும் நம்பித் தளம் கட்டியவர்கள் வேறொன்றில் முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. எந்த டூலாக இருந்தாலும், விலகும் நாளில் எழுத்தும் படங்களும் பக்க முகவரிகளும் நம்மோடு வெளியே வருமா என்று சேரும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, மொபைலில் வேகம். கூகுள் சொல்லும் அளவுகோல் மூன்று: பக்கத்தின் பெரிய உருப்படி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் பதில் வர வேண்டும், திறக்கும்போது பக்கம் குதிக்கும் அளவு 0.1-க்குள் இருக்க வேண்டும். முகப்பை நிறைத்து ஓடும் ஷோரீல் (வேலைகளின் தொகுப்பு வீடியோ) இருக்கும் தளங்கள் முதல் அளவுகோலிலேயே தடுமாறும்.

நான்காவது, தமிழ் எழுத்து. தமிழ் பிராண்டுகளுக்கு வேலை செய்யும் ஏஜென்சிக்கு இது தலையாய விஷயம். இப்போது எல்லாத் தளத்திலும் தலைப்பு எழுத்து எழுத்தாக மிதந்து வருகிறதே, அதை ஆங்கிலத்துக்கு எழுதியபடியே தமிழில் ஓட்டினால் உடைந்துவிடும். "கி" என்பது கணினிக்குக் ககரமும் கொக்கியுமாக இரண்டு குறியீடுகள். நிரல் இரண்டையும் பிரித்துவிட்டால் "க" தனியே வரும், பின்னால் புள்ளிவட்டம் ஒன்றைச் சுமந்துகொண்டு கொக்கி வரும். எழுத்தை முழு எழுத்தாகவே பிரிக்கும் செக்மென்டர் வசதி இன்று முக்கியமான எல்லா பிரவுசர்களிலும் இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டும், அல்லது சொல் சொல்லாக அசைத்தாலே போதும். தேர்ந்தெடுக்கும் டூலில் இந்த இரண்டில் ஒன்றையாவது செய்ய முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஐந்தாவது, மூன்று ஆண்டுக்கான மொத்தச் செலவு. முதல் பில்லை மட்டும் ஒப்பிட்டு எடுக்கும் முடிவுதான் இதில் அதிகம் ஏமாற்றுகிறது.

| | இருப்பதைச் செம்மைப்படுத்துவது | வேர்ட்பிரஸ் | வெப்ஃபுளோ / ஃபிரேமர் | சொந்தக் கோட் |
|---|---|---|---|---|
| புது வேலை ஏற்றுவது | இப்போது உள்ளபடியே | படிவம் ஒழுங்காக அமைந்தால் எளிது | டிசைனருக்கு மிக எளிது | சிஎம்எஸ் (உள்ளடக்கத்தை ஏற்றும் கருவி) அமைப்பைப் பொறுத்தது |
| விலகும் வழி | பழைய கட்டுமானத்தைப் பொறுத்தது | நல்லது | வெப்ஃபுளோவில் அரைகுறை, ஃபிரேமரில் கடினம் | உரிமை எழுத்தில் இருந்தால் முழுமை |
| மொபைல் வேகம் | ஓரளவு கூட்டலாம் | பிளகின் (கூடுதல் வசதிக்கான நிரல்) கூடக் கூடக் குறையும் | நன்று, அனிமேஷனில் கவனம் தேவை | மிக நன்று |
| தமிழ் | மாற்றம் இல்லை | நன்று, இருமொழி எளிது | எழுத்துரு சரி, இரண்டாம் மொழிக்குத் தனிக் கட்டணம் | நினைத்தபடி |
| மறைந்த செலவு | தள்ளிப்போட்ட வேலை | பராமரிப்பு, உரிமக் கட்டணம் | டாலர் சந்தா, ஆள் கணக்கு | டெவலப்பரைச் சார்ந்திருப்பது |

## இருப்பதைச் செம்மைப்படுத்துவது

இந்த வழியைக் கூட்டத்தில் யாரும் முன்வைப்பதில்லை, உற்சாகம் தராத வழி என்பதால். ஆனால் பழைய தளத்தின் நோய் என்ன என்று நேர்மையாகப் பார்த்தால், பல ஏஜென்சிகளில் வடிவமைப்பு நன்றாகவே இருக்கும், உள்ளடக்கம்தான் செத்திருக்கும். புதிய வேலைகள் ஏறவில்லை. விலகிப்போனவர்களின் படங்கள் "எங்கள் குழு" பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கின்றன. தொடர்புப் படிவம் எந்த மெயிலுக்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. இதற்கு மருந்து புது டூல் கிடையாது.

பாதி வேலைகளை எடுத்துவிடுங்கள். மிகச் சிறந்த ஆறு எட்டு வேலைகளை மட்டும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் கிளையன்டின் சிக்கல் என்ன, நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், ஏன் என்று எழுதுங்கள். முகப்பு வீடியோவைச் சுருக்குங்கள், படங்களை எடை குறைந்த வெப்பி அல்லது ஏவிஐஎஃப் வடிவுக்கு மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் முடிகிற வேலை இது. முழு ரீடிசைன் பிறகு தேவைப்பட்டாலும் இந்த உழைப்பு அப்படியே அங்கே போகும், ஒரு வரிகூட வீணாகாது.

தளத்தில் புதிதாக எதையும் ஏற்றவே முடியவில்லை, மொபைலில் உடைகிறது, அல்லது ஏஜென்சியே தொழிலை மாற்றிக்கொண்டுவிட்டது (பிரிண்டில் இருந்து படத்துக்கு, லோகோவில் இருந்து ஆலோசனைக்கு) என்றால் இந்த வழி போதாது. அப்போதும் இதைச் செய்வது காலத்தைக் கடத்துவதுதான்.

## வேர்ட்பிரஸ்

2003-இல் தொடங்கியது. இன்று உலகின் வெப்சைட்டுகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. நமக்கு அந்தப் பெருக்கத்தின் பயன் ஒன்றே: தெரிந்த ஆள் எந்த ஊரிலும் கிடைப்பார். செய்தவர் காணாமல் போனாலும் அடுத்தவர் திறந்து பார்த்துப் புரிந்துகொள்வார். மென்பொருள் திறந்த மூலம் (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்), தரவுத்தளம் நம் கையில், ஹோஸ்டிங்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரூபாயிலேயே பில் கட்டலாம்.

இதிலும் இரண்டு கிளைகள் உண்டு. சந்தையில் வாங்கிய தீம் (தளத்தின் தோற்றத்துக்கான அச்சு), அதன் மேல் எலிமென்டர் போன்ற பேஜ் பில்டர் (பக்கத்தை இழுத்து அடுக்கும் கருவி), அதன் மேல் ஸ்லைடருக்கு ஒன்று, பாப்-அப்புக்கு ஒன்று என்று அடுக்கிக்கொண்டு போவது ஒன்று. தொடக்கத்தில் மலிவாகத் தெரியும். ஒவ்வொரு பிளகினும் தன் பங்குக்குக் கோடை ஏற்றுவதால் பக்கம் கனக்கும், ஒன்றைப் புதுப்பித்தால் இன்னொன்று உடையும், இழுத்து வைக்கும் சுதந்திரம் எல்லோருக்கும் இருப்பதால் ஒரு வருடத்தில் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு முகமாகிவிடும். டிசைன் விற்கும் நிறுவனத்துக்கு இது பொருந்தவே பொருந்தாது.

இன்னொரு கிளை, உங்கள் வடிவமைப்புக்கென்றே எழுதிய ஒல்லியான தீம். வேலை ஏற்றுபவர் முன்னால் ஒரு படிவம் மட்டும் இருக்கும்: தலைப்பு, கிளையன்ட், ஆண்டு, படங்கள், வீடியோ லிங்க், எழுத்து. நிரப்பினால் பக்கம் தானே சரியாக வரும். அக்கவுன்ட்ஸ் பார்ப்பவர்கூட ஏற்றிவிடுவார். முன்பணம் கூடுதல்தான், ஆனால் அடுத்தடுத்த வருடங்களில் திரும்பி வருகிறது. வேர்ட்பிரஸ் என்றால் நான் பரிந்துரைப்பது இதை மட்டுமே.

மறைந்த செலவு பராமரிப்பு. மாதம் ஒருமுறையாவது பேக்கப் எடுத்து, பிளகின்களைப் புதுப்பித்து, தளம் நிற்கிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். செய்யாவிட்டால் பழைய பிளகின் ஒன்றின் ஓட்டை வழியாக யாரோ புகுந்து சூதாட்ட லிங்குகளை நட்டுவிட்டுப் போவார்கள். பிளகின் உரிமங்களுக்கு வருடா வருடம் கட்ட வேண்டும். அரசியலும் உண்டு: 2024 அக்டோபரில், டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தோடு நடந்த தகராறில், இலட்சக்கணக்கான தளங்கள் நம்பியிருந்த அந்த நிறுவனத்தின் ஏசிஎஃப் என்ற பிளகினுக்கு அதிகாரப்பூர்வப் பிளகின் பட்டியலில் இருந்த இடத்தை வேர்ட்பிரஸ் தரப்பு எடுத்துக்கொண்டது. அந்த டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் தலையிட்டுத் திருப்பித் தரச் சொன்னது. மேலே சொன்ன படிவத்தைப் பெரும்பாலும் அந்த பிளகினை வைத்துத்தான் செய்வார்கள். திறந்த மூலம் என்பதாலேயே எல்லாம் பத்திரம் என்று இருந்துவிட முடியாது.

தமிழிலும் ஆங்கிலத்திலும் தளம் வேண்டும், கட்டுரைகள் நிறைய எழுதுவோம், பலர் ஏற்றுவார்கள் என்றால் இதுதான் சரியான இடம்.

## வெப்ஃபுளோ, ஃபிரேமர்

டிசைனரே தளத்தைக் கட்டி, டிசைனரே நடத்துவது என்ற வழி. ஃபிக்மா என்ற டிசைன் டூலில் பழகிய கைக்கு ஃபிரேமர் ஓரிரு நாளில் வசப்படும். வெப்ஃபுளோவுக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும், பெட்டிக்குள் பெட்டியாகப் பக்கம் எப்படி நிற்கிறது என்று புரிய வேண்டும். புரிந்தால் ஃபிரேமரைவிடக் கட்டுப்பாடு அதிகம். சர்வர், பேக்கப், பாதுகாப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஏஜென்சியின் ரசனை நடுவில் யார் கையிலும் தேயாமல் திரைக்கு வருவது இந்த வழியில்தான். டெவலப்பரிடம் "இன்னும் நான்கு பிக்சல் கீழே" என்று மன்றாடிய எந்த டிசைனருக்கும் இதன் அருமை தெரியும்.

அசைவுகளுக்கு இப்போது வெப்ஃபுளோ பக்கம் கூடுதல் பலம். ஜிசாப் என்ற அனிமேஷன் நூலகத்தை 2024-இல் அந்த நிறுவனம் வாங்கியது. முன்பு பணம் கட்டியவர்களுக்கு மட்டும் கிடைத்த அதன் துணைக்கருவிகள் 2025-இல் எல்லோருக்கும் இலவசமாயின. இது வேர்ட்பிரஸ்காரர்களுக்கும் சொந்தக் கோட் எழுதுபவர்களுக்கும் சேர்த்தே லாபம், ஆகவே அனிமேஷனுக்காக மட்டும் வெப்ஃபுளோ போக வேண்டிய தேவை முன்பைவிடக் குறைந்திருக்கிறது.

இனி, விலகும் வழி. வெப்ஃபுளோவில் கோடை வெளியே எடுக்கலாம், ஆனால் சிஎம்எஸ்ஸில் ஏற்றிய உள்ளடக்கமும் படிவங்களும் அதனுடன் வேலை செய்யாது. உள்ளடக்கத்தைத் தனியாக சிஎஸ்வி (அட்டவணை) கோப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபிரேமரில் தளத்தின் கோடை வெளியே எடுத்து வேறிடத்தில் ஓட்ட வழியே இல்லை. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எப்படியும் புதிதாகக் கட்டுவோம் என்று நினைக்கும் ஏஜென்சிக்கு இது பெரிய குறை ஆகாது. பத்து வருட வேலைகளை ஆவணமாக வைத்திருக்க நினைப்பவர்களுக்கு ஆகும்.

பணம் கட்டும் விதத்தில்தான் நம் ஊருக்கே உரிய சங்கடங்கள். தளத்துக்கு ஒரு சந்தா, அதில் கைவைக்கும் கூடுதல் ஆட்களுக்குத் தனிக் கணக்கு, இரண்டாம் மொழிக்கு இன்னொன்று, எல்லாம் டாலரில். ஜிஎஸ்டி பதிவு உள்ள நிறுவனம் வெளிநாட்டுச் சேவைக்கு ரிவர்ஸ் சார்ஜ் முறையில் 18 விழுக்காடு வரியைத் தானே கட்டி, பிறகு உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆடிட்டரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தானியங்கிக் கட்டணம் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கும், அதற்குக் குறைந்த தொகைக்கும் கார்டில் மேன்டேட் (முன் அனுமதி) பதிவாகியிருக்க வேண்டும். வருடச் சந்தா நாளன்று ஓடிபி வரும் போன் வெளியூரில் ஷூட்டில் இருந்தால் கட்டணம் தவறும், கவனிக்காமல் விட்டால் தளம் இறங்கும். புதுப்பிக்கும் தேதியை இரண்டு பேருடைய காலண்டரில் போட்டு வைக்க வேண்டும்.

குழுவில் இரண்டு டிசைனர்களாவது இதை விரும்பிக் கையாள்வார்கள் என்றால் தயங்காமல் எடுக்கலாம். ஒருவருக்கு மட்டும் தெரியும் என்றால் அவர் வேலையை விடும் நாளையும் சேர்த்து யோசியுங்கள்.

## சொந்தக் கோட்

ஆஸ்ட்ரோ, நெக்ஸ்ட் போன்ற நிரல் கட்டமைப்புகளில் தளத்தை எழுதி, உள்ளடக்கத்தைச் சானிட்டி, ஸ்ட்ராப்பி போன்ற சிஎம்எஸ்ஸில் வைக்கும் முறை. ஒழுங்காகச் செய்தால் இதன் வேகத்துக்கு மற்றவை ஈடாகாது, கற்பனைக்கும் எல்லை கிடையாது. இன்டராக்டிவ் வேலை, டிஜிட்டல் தயாரிப்பு என்று விற்கும் ஏஜென்சிக்குத் தளமே முதல் சாம்பிள், அவர்களுக்கு இது தேவை. பேக்கேஜிங்கும் விளம்பரப் படமும் செய்பவர்களுக்கு இது அரிதாகவே தேவைப்படுகிறது. அவர்களைத் தேடி வருபவர் வேலையைப் பார்க்க வருகிறார்.

இந்த வழியில் போகிறவர்கள் மூன்றைக் கவனிக்க வேண்டும். முதலில் உரிமை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யாத ஃபிரீலான்சர் எழுதிய நிரலின் முதல் உரிமையாளர் பொதுவாக அவரே. பணம் கொடுத்துவிட்டால் நம்முடையது ஆகிவிடாது, எழுத்துப்பூர்வமாக மாற்றித் தர வேண்டும். அந்தப் பத்திரத்தில் கால அளவு சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் தெளிவாக எழுதி வாங்குங்கள்.

அடுத்து ஹோஸ்டிங். நெக்ஸ்டில் எழுதிய தளத்தை வெர்செல் என்ற ஹோஸ்டிங் சேவையின் இலவசத் திட்டத்தில் போட்டுவிட்டு "செலவே இல்லை" என்று சொல்லும் டெவலப்பர்கள் உண்டு. அந்தத் திட்டம் வணிகம் சாராத தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும். நிறுவனத் தளத்துக்குக் கட்டணத் திட்டம் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, கருவிகளின் ஆயுள். சில வருடம் முன்பு எல்லோரும் கேட்ஸ்பி என்ற கட்டமைப்பில் எழுதினார்கள். 2023-இல் நெட்லிஃபை என்ற நிறுவனம் அதை வாங்கியது, அதன் பிறகு வளர்ச்சி தேய்ந்துபோனது. அதில் எழுதிய தளங்களைத் தொட இன்று ஆள் தேட வேண்டியிருக்கிறது. சம்பளத்தில் ஒரு டெவலப்பராவது உள்ள ஏஜென்சிக்கு இது சமாளிக்கக்கூடியது. இல்லாதவர்களுக்கு இந்த வழியைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

## என்றால் எதை எடுப்பது

முதலில் செம்மைப்படுத்துங்கள், அதிலேயே உள்ளடக்கம் தயாராகிவிடும். பிறகும் தளம் போதாது என்றால், ஏற்றப்போகும் ஆள் டிசைனர், தளம் ஒரே மொழி, வேலைகள் சில பத்துதான் என்ற நிலையில் வெப்ஃபுளோ. தளத்தை வருடத்துக்கு வருடம் புரட்டிப்போடும் சிறு ஸ்டூடியோ என்றால் ஃபிரேமர். ஏற்றப்போகிறவர் டிசைனர் அல்லாதவர், அல்லது இருமொழித் தளம் என்றால் ஒல்லியான தீமுடன் வேர்ட்பிரஸ். டெவலப்பர் சம்பளப் பட்டியலில் இருக்கிறார், டிஜிட்டல் வேலைதான் விற்கிறீர்கள் என்றால் சொந்தக் கோட்.

## எந்த வழியிலும் வரும் செலவுகள்

கேஸ் ஸ்டடி எழுதுவதும் வேலைகளைப் புதிதாகப் படம் எடுப்பதும்தான் பெரும் செலவு. டூல் எதுவானாலும் இது குறையாது, பட்ஜெட்டில் பாதியை இதற்கே ஒதுக்கலாம். வெளியிடக் கிளையன்டின் ஒப்புதல் வேண்டும். ரகசிய ஒப்பந்தம் போட்டவர்களிடம் கேட்டு வாங்கவே வாரங்கள் ஆகும், முதல் நாளே கேட்கத் தொடங்குங்கள்.

எழுத்துரு உரிமத்தையும் பாருங்கள். கணினியில் வேலை செய்ய வாங்கிய உரிமம் பெரும்பாலும் வெப்சைட்டுக்குச் செல்லாது, தனி வெப் உரிமம் வாங்க வேண்டும். தமிழுக்குக் கட்டணமில்லாமல் கிடைப்பவையே தரமாக இருக்கின்றன: பிரியா ரவிச்சந்திரனின் கேட்டமரான், ஏக் டைப்பின் முக்தா மலர், இந்தியன் டைப் ஃபவுண்டரியின் ஹிந்த் மதுரை. ஷோரீலில் ஓடும் பாட்டுக்கும் உரிமை உங்களிடம் இருக்க வேண்டும்.

## மாற்றும் வாரம்

டொமைன் (தளத்தின் பெயர் முகவரி) யார் பெயரில் இருக்கிறது என்று வேலை தொடங்கும் முன்பே பாருங்கள். பழைய ஃபிரீலான்சரின் கணக்கில் கிடந்தால் முதலில் அதை உங்கள் நிறுவனத்தின் கணக்குக்கு மாற்ற வேண்டும். பழைய பக்கங்கள் எல்லாவற்றின் முகவரியையும் ஒரு ஷீட்டில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நேரான புதுப் பக்கத்தை எழுதி, 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்புவது) போடுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிட்டால் தேடலில் சேர்த்த மதிப்பு கரைந்துவிடும். குறைந்தது ஒரு வருடம் அந்த ரீடைரக்ட்களை வைத்திருக்கச் சொல்கிறது கூகுள்.

சோதனைத் தளத்தில் தேடுபொறியைத் தடுக்கப் போட்ட நோஇன்டெக்ஸ் குறியை வெளியிடும் அன்று எடுத்துவிட வேண்டும். ஷோரீல் ஐபோனில் சத்தமில்லாமல் மட்டுமே தானாக ஓடும், பேட்டரி சேமிப்பில் இருந்தால் அதுவும் ஓடாது, ஆகவே அதன் இடத்தில் நல்ல நிலைப்படம் ஒன்று இருக்கட்டும். டொமைனை இயக்கும் நேம்சர்வரை மாற்றுவதாக இருந்தால், மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பழைய எம்எக்ஸ் பதிவுகளைப் புது இடத்திலும் முன்கூட்டியே எழுதி வையுங்கள், இல்லையென்றால் ஆபீஸ் மெயில் முழுவதும் நின்றுவிடும். இதையெல்லாம் செவ்வாய் அல்லது புதன் காலையில் செய்யுங்கள். ஏதாவது உடைந்தால் சரிசெய்ய வாரத்தில் இன்னும் வேலை நாட்கள் மிச்சமிருக்கும்.